மாறிக்கொண்டே இருக்கும் மார்பகம்: எது இயல்பு, எப்போது டாக்டர்?

இதயமும் சிறுநீரகமும் கருவிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மார்பகம் அப்படியல்ல. அது பத்து வயதுவாக்கில்தான் வளரத் தொடங்குகிறது. பிறகு மாதந்தோறும் ஹார்மோன்களுக்கு ஏற்ப வீங்கி வற்றுகிறது. பிள்ளை பெற்றால் பால் சுரப்பியாக முற்றிலும் உருமாறுகிறது, பால்குடி மறந்ததும் அந்தக் கட்டுமானத்தைத் தானே கலைத்துவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் பெரும்பகுதி கொழுப்பாகி ஓய்கிறது. இப்படி வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் உறுப்பில் மாற்றம் தெரிவதே நோயின் அடையாளம் ஆகிவிடாது. கட்டி, வலி, கசிவு என்று டாக்டரிடம் போகும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இயல்பான மாற்றங்கள் கொஞ்சம் மிகையாகிப்போனதால் வருபவை. பிரிட்டனில் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர் மார்பகக் கிளினிக்குக்கு அனுப்பிவைக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோய் இருப்பவர் யார் என்பது வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பத்துப் பேரும் போகவேண்டியிருக்கிறது.

இந்த உறுப்பின் உள்ளமைப்பு குறித்த அறிவில் கணிசமான பகுதி லண்டனில் உருவானது. தேம்ஸின் தென்கரையில், லண்டன் பிரிட்ஜை ஒட்டியிருக்கும் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், 1829இல் மார்பக நோய்களைப் பற்றிய படநூலையும் 1840இல் மார்பகத்தின் உடற்கூறு பற்றிய நூலையும் வெளியிட்டார். பாலூட்டும் காலத்தில் இறந்த பெண்களின் முலைக்காம்புத் துளைகள் வழியாக வண்ண மெழுகைச் செலுத்தி, பால் நாளங்கள் எங்கெங்கே கிளைவிடுகின்றன என்று அவர் பார்த்தார். அதிகபட்சம் 12 நாளங்களுக்குள்தான் மெழுகைச் செலுத்த முடிந்தது, பெரும்பாலும் 7 முதல் 10 வரைதான் என்று எழுதிவைத்தார். பின்னால் வந்த பாடநூல்கள் 15 முதல் 20 என்று எழுதின, மாணவர்களும் அப்படியே மனப்பாடம் செய்தார்கள். 2005இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பாலூட்டும் தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது சராசரி 9 என்றே வந்தது. மெழுகுக்காரர் சொன்னதுதான் உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

மார்பகத்துக்குள் இருப்பவை மூன்று. பால் சுரக்கும் நுண்ணறைகளும் அவற்றிலிருந்து காம்பு வரை ஓடும் நாளங்களும் ஒன்று. அவற்றைச் சூழ்ந்த கொழுப்பு இரண்டாவது. தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடி எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் நார்கள் மூன்றாவது. இவற்றுக்குக் கூப்பரின் பெயரே நிலைத்துவிட்டது. சுரப்பித் திசு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. அக்குளை நோக்கிய மேல் வெளிப்புறத்தில்தான் அது அதிகம். அதன் ஒரு வால் அக்குள் வரை நீள்கிறது. ஆகவே அந்தப் பக்கம் தடவினால் மற்ற இடங்களைவிடக் கனமாகவும் முடிச்சு முடிச்சாகவும் இருக்கும். துணிப்பையில் கட்டிவைத்த பச்சைப் பயறைத் தொடுவது போன்ற இந்தச் சொரசொரப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் அது அந்தப் பெண்ணின் இயல்பு. கீழ்விளிம்பில் பிரா அழுத்தும் இடத்தில் ஒரு தடிப்பான வரம்பு தட்டுப்படுவதும், மெலிந்த பெண்களுக்கு விலா எலும்பின் மேடு கட்டிபோலத் தெரிவதும் சகஜம். இரண்டு மார்பகமும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. பலருக்கு இடது பக்கம் சற்றுப் பெரிது. சின்ன வயதிலிருந்தே உள்வாங்கிய காம்பு, காம்பைச் சுற்றி ஒன்றிரண்டு முடி, கருவட்டத்தில் சிறுசிறு மேடுகள், எதுவும் வியாதி இல்லை. கருவில் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும் பால்கோட்டின் மிச்சமாக, மார்பகத்துக்குக் கீழே மச்சம் போல ஒரு மூன்றாவது காம்பு இருப்பவர்களும் உண்டு. அக்குளில் மிச்சம் தங்கிய சுரப்பித் திசுவோ கர்ப்பகாலத்தில் திடீரென வீங்கி ஆளைப் பயமுறுத்தும்.

பிறந்த சில நாட்களிலேயே முதல் மாற்றம் தெரிந்துவிடுகிறது. தாயின் ஹார்மோன் ரத்தத்தில் கலந்திருப்பதால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு சற்றுப் புடைத்து, ஒன்றிரண்டு சொட்டுப் பால் வருவதும் உண்டு. அதை வீட்டுப் பெரியவர்கள் பிதுக்கிவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிதுக்கினால் பிஞ்சுத் தோல் கன்றிக் கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகலாம். தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானாக வற்றிவிடும்.

பருவமடைவதன் படிகளை வகுத்ததும் லண்டன்காரர்கள்தான். லண்டன் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்ஷலும் ஜேம்ஸ் டேனரும், ஹார்பெண்டன் என்ற ஊரில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்த 192 சிறுமிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, மார்பக வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்து 1969இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் அறிகுறி காம்புக்கு நேர் பின்னால் எழும் ஒரு சிறு மொட்டு. கெட்டியாக இருக்கும், தொட்டால் வலிக்கும், பல சமயம் ஒரு பக்கம் மட்டும் தொடங்கி மற்றப் பக்கம் சில மாதம் பிந்தி வரும். ஒன்பது வயது மகளின் மார்பில் ஒரு பக்கம் மட்டும் கட்டி என்று கலங்கும் தாய்மார்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். அந்த மொட்டை அறுத்தோ ஊசியால் குத்தியோ பார்ப்பது எதிர்கால வளர்ச்சியையே கெடுத்துவிடும் என்பதால் டாக்டர்கள் அதைத் தொடமாட்டார்கள். எட்டு வயதுக்கு முன்பே தொடங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரைப் பார்க்கவேண்டும். பையன்களிலும் பாதிப் பேருக்குப் பருவ வயதில் மார்பு சற்றுப் புடைக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அது அடங்கிவிடும்.

மாதச் சுழற்சி தொடங்கியபின் மார்பகம் அதன் தாளத்துக்கு ஆடுகிறது. கருமுட்டை வெளிவந்தபின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் சேர்ந்து சுரப்பி அணுக்களைப் பெருக்குகின்றன, நீர் கோத்துக்கொள்கிறது. பீரியட் வருவதற்கு முந்தைய வாரத்தில் பிரா இறுகுவதும், மாடிப்படி இறங்கினால் வலிப்பதும், தடவினால் வழக்கத்தைவிட முடிச்சாக இருப்பதும் இதனால்தான். மாதவிடாய் வந்து சில நாட்களில் எல்லாம் வடிந்துவிடும். மார்பகத்தைத் தொட்டு அறிந்துகொள்ள ஏற்ற காலமும் அந்த வடிந்த நாட்கள்தான். முந்தைய வாரத்தில் தொட்டுப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை.

வலியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். பெண்களை டாக்டரிடம் விரட்டுவது பெரும்பாலும் வலிதான். ஆனால் புற்றுநோயின் அறிகுறிகளில் மிகப் பலவீனமானதும் அதுவே. மூன்றில் இரண்டு பெண்களுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மார்பக வலி வருகிறது. கட்டியோ தோல் மாற்றமோ இல்லாமல் வலி மட்டும் இருந்தால் உள்ளே புற்று இருப்பது அரிது. தேதி பார்த்து இரு பக்கமும் வரும் வலி ஹார்மோன் வலி. எந்தத் தேதியிலும் ஒரே புள்ளியில் வலித்து, விலாவை அழுத்தினால் அதிகமானால், நோவது பெரும்பாலும் மார்பகம் இல்லை. அதன் பின்னாலுள்ள விலாக் குருத்தெலும்போ தசையோ. சரியான அளவுள்ள பிரா, தேவைப்பட்டால் பாராசிட்டமால் அல்லது தடவும் வலி ஜெல், இவையே பலருக்கும் போதும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைகள் லண்டன் மருந்துக்கடைகளில் ஒரு காலத்தில் இதற்கென்றே விற்றன. சோதனைகளில் அவை வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. கம்பி வைத்த பிராவோ கறுப்பு பிராவோ புற்றுநோயைத் தருமென்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. இரண்டு மூன்று மாதம் தேதி போட்டு ஒரு சின்ன நோட்டில் வலியைக் குறித்துவைத்தால் டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

கட்டிகளைப் பொறுத்தவரை வயது பாதிக் கதையைச் சொல்லிவிடும். வேல்ஸின் கார்டிஃப் நகர மார்பகக் கிளினிக்கில் வேலை செய்த லெஸ்லி ஹ்யூஸும் அவருடைய சகாக்களும் 1987இல் முன்வைத்த கருத்து இது: சாதாரண மார்பகக் கட்டிகளைத் தனித்தனி நோய்களாகப் பார்ப்பதைவிட, வளர்வதும் சுழல்வதும் சுருங்குவதுமான இயல்பு நடைமுறையின் விலகல்களாகப் பார்ப்பதே பொருந்தும். பதின்ம வயதிலிருந்து முப்பதுகளின் நடுப்பகுதி வரை வருவது பெரும்பாலும் நார்ச்சுரப்பிக் கட்டி, அதாவது ஃபைப்ரோஅடினோமா. வழவழப்பாக, ரப்பர் போல இருக்கும்; விரல் பட்டால் நழுவி ஓடும். முப்பத்தைந்துக்கு மேல் மாதவிடாய் நிற்கும் வரை வருவது நீர்க்கட்டி. ஒரே இரவில் பெரிதானது போலத் தோன்றும், வலிக்கவும் செய்யும். ஊசியால் உறிஞ்சினால் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் வந்து கட்டி காணாமல் போய்விடும். கார் விபத்தில் சீட் பெல்ட் அழுத்திய இடத்திலோ அடிபட்ட இடத்திலோ கொழுப்பு செத்துக் கெட்டிப்பட்டுக் கல் போலாகலாம். இது தடவிப் பார்ப்பதில் புற்றுநோயை அப்படியே ஒத்திருக்கும், தோலைக்கூட உள்ளிழுக்கும். ஆனால் அடி புற்றுநோயை உண்டாக்குவதில்லை. இந்தச் சித்திரங்கள் நம்பிக்கை தருபவைதான். என்றாலும் விரலை மட்டும் நம்பி எந்தக் கட்டிக்கும் பெயர் சூட்ட அனுபவமுள்ள அறுவை மருத்துவர்களே துணிவதில்லை.

கர்ப்பத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் மார்பகத்தின் கூச்சம்தான். தேதி தள்ளிப்போவதற்கு முன்பே சிலருக்கு அது தெரிந்துவிடும். கருவட்டம் கறுத்து அகலும், நீல நரம்புகள் தெரியும், ஐந்தாறு மாதத்திலேயே சீம்பால் கசியும். பிரசவமான இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும்போது மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிப்பது போலிருக்கும். பால் கட்டிக்கொண்டால் குழந்தைக்கு அடிக்கடி கொடுப்பதே மருந்து. கொடுக்க இயலாத நிலையில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தென்னிந்திய வீடுகளின் பழைய முறை. அதை புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டுத் தென்னிந்திய மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பால் வற்றுவதிலும் வீக்கம் குறைவதிலும் பூ மாத்திரைக்கு அவ்வளவாகச் சளைக்கவில்லை.

பாலூட்டும் காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் சிவந்து, சுட்டு, உடம்பு நடுங்கினால் அது மாஸ்டைடிஸ். அந்த நேரத்தில் பால் கொடுப்பதை நிறுத்துவது கெடுதல். தொடர்ந்து கொடுக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாளில் தணியாவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். சீழ் கோத்துவிட்டால் இப்போதெல்லாம் கத்தி வைக்காமல் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சிவிடுகிறார்கள். ஆனால் பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பு சிவந்து, ஒரு சுற்று ஆன்டிபயாடிக் முடிந்தும் அடங்காமல் இருந்தால் இன்னொரு சுற்று மாத்திரை போட்டுக் காத்திருக்கக்கூடாது. அழற்சி வடிவப் புற்றுநோய் என்ற அரிய, வேகமான வகை சரியாக இந்த வேடத்தில்தான் வரும். தெற்காசியப் பெண்களுக்கு மார்பகக் காசநோய் என்ற இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. இதை முதலில் விவரித்ததும் கூப்பரின் அதே 1829ஆம் ஆண்டு நூல்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் வட்டாரம் லண்டனில் காசநோய் அதிகமுள்ள பகுதிகளில் ஒன்று. ஆறாமல் சீழ் வடியும் புண்ணோடு வருபவரிடம் ஊரில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று அங்குள்ள டாக்டர்கள் கேட்பதற்குக் காரணம் இதுவே.

பாலூட்டுவதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டவர்களில் முன்னோடி ஜேனட் லேன்-கிளேபன் என்ற மருத்துவர். மார்பகப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டு 1926இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்துக்காக அவர் எழுதிய அறிக்கை, பிள்ளைகளின் எண்ணிக்கையும் பால் கொடுத்த காலமும் குறைந்தவர்களுக்கு நோய் அதிகம் என்று காட்டியது. 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4.3% குறைவது தெரிந்தது. இது முழுப் பாதுகாப்பு அல்ல. ‘மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்த எனக்கு வராது’ என்ற நம்பிக்கை பல பெண்களைத் தாமதிக்க வைத்திருக்கிறது.

மாதவிடாய் நின்றபின் நுண்ணறைகள் சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. மார்பு தளர்ந்து இறங்குகிறது. மாதாந்தர வலியும் நீர்க்கட்டிகளும் விடைபெறுகின்றன. எச்.ஆர்.டி. என்ற ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மட்டும் பழைய வலியும் முடிச்சும் தொடரலாம். கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகிறது. இருபது வயதில் வரும் புதுக் கட்டி பெரும்பாலும் சாதாரணமானது; அறுபதில் வருவதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் ஏழு பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது, அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அப்படியானால் எந்த மாற்றத்தை வைத்து டாக்டரிடம் போவது? புதிது, ஒரு பக்கம் மட்டும், அடுத்த மாதவிடாய் வந்து போன பின்னும் அப்படியே இருக்கிறது: இந்த மூன்றும் கூடினால் போகவேண்டும். மாதவிடாய் நின்றவர் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மார்பகத்திலோ அக்குளிலோ சுற்றியுள்ள திசுவிலிருந்து வேறுபட்டுத் தெரியும் கட்டி, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், காட்டப்படவேண்டியது. தோலில் குழி விழுவதற்குக் காரணம் கூப்பர் வரைந்துகாட்டிய நார்கள். உள்ளே வளரும் புற்று அந்த நார்களைப் பிடித்துச் சுருக்குகிறது, நாரின் மறுமுனை தோலில் இருப்பதால் தோல் உள்ளே இழுபடுகிறது. கையைத் தொங்கவிட்டால் தெரியாத குழி கையை உயர்த்தினால் தெரியும், ஏனென்றால் அப்போது மார்பகம் மேலெழ நார் மட்டும் விடாமல் பிடித்திருக்கும். நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் தோல் தடித்து, மயிர்க்கால்கள் மட்டும் குழிந்து ஆரஞ்சுத் தோல் போலாகும். இதுவரை வெளியே இருந்த காம்பு புதிதாக உள்வாங்குவதும், மார்பகத்தின் வடிவமோ உயரமோ ஒரு பக்கம் மாறுவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

காம்பில் ஆறாத சிரங்கைக் குறித்து எச்சரித்தவர் இன்னொரு லண்டன் அறுவை மருத்துவர், செயின்ட் பார்த்தலோமியூஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் பேஜட். காம்பில் எக்ஸிமா போன்ற புண்ணோடு வந்த சுமார் 15 பெண்களைப் பற்றி 1874இல் எழுதினார். அவர் தொடர்ந்து கவனிக்க முடிந்த எல்லோருக்கும் இரண்டே ஆண்டுகளுக்குள் மார்பகத்தில் புற்று வந்தது. சாதாரண எக்ஸிமா பெரும்பாலும் கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும், களிம்புக்கு அடங்கும். பேஜட் நோய் காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும், ஒரு பக்கம் மட்டும் இருக்கும், களிம்பு போட்டாலும் போகாது. மாதக்கணக்கில் களிம்பு மாற்றி மாற்றிப் பூசுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

கசிவிலும் இதே தர்க்கம்தான். அமுக்கினால் மட்டும், இரண்டு காம்பிலும், பல துளைகளில் பாலாகவோ பச்சையாகவோ வருவது ஹார்மோனாலோ நாளங்கள் அகன்றதாலோ வருவது. அமுக்கிப் பார்ப்பதை நிறுத்தினாலே பலருக்கு நின்றுவிடும். பிராவில் தானாகக் கறை படிந்து, ஒரே காம்பின் ஒரே துளையிலிருந்து ரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்தால் அது பார்க்கப்படவேண்டும். அதுவும் பெரும்பாலும் நாளத்துக்குள் வளர்ந்த பாப்பிலோமா என்ற சிறு சாதாரணக் கட்டியாகத்தான் முடியும். ஆண்களும் இதில் விலக்கில்லை: பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 400 ஆண்களுக்கு மார்பகப் புற்று வருகிறது. காம்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் ஆண் என்பதற்காகத் தள்ளிப்போடக்கூடாது.

மாதம் ஒருமுறை கடிகாரம் வைத்து வட்டம் வட்டமாகத் தடவிப் பார்க்கும் சுயபரிசோதனையை மருத்துவ உலகம் ஒரு காலத்தில் பெரிதும் வலியுறுத்தியது. ஷாங்காயில் நெசவாலைப் பெண்கள் 2,66,064 பேரைக் கொண்டு நடந்த பெரும் சோதனையின் முடிவு 2002இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் மார்பகப் புற்றால் இறந்தவர்களின் விகிதம் ஒன்றாகவே இருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குச் சாதாரணக் கட்டிகளுக்காகத் திசு எடுத்துப் பார்த்த பயாப்சிகள்தான் கூடுதல். பிரிட்டன் அதற்கு முன்பே சடங்குமுறையை விட்டு, தன் மார்பகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. குளிக்கும்போது சோப்புக் கையோடு காறை எலும்பு முதல் அக்குள் வரை விரல்களின் தட்டையான பகுதியால் தடவுவதும், உடை மாற்றும்போது கையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்ப்பதும் போதுமானவை. நாளும் நேரமும் குறித்துச் செய்யவேண்டியதில்லை.

ஏதாவது தட்டுப்பட்டால் லண்டனில் முதல் படி ஜி.பி.தான். தமிழ்ப் பெண்கள் அங்கே தயங்குவதற்குக் காரணங்கள் தெரிந்தவையே: ஆண் டாக்டர், ஆங்கிலம், மகளின் கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். மொழிபெயர்க்கக் கணவரையோ பள்ளி படிக்கும் மகனையோ கூட்டிப்போய், அவன் முன் பாதியை விழுங்கிவிடுவதும் நடக்கிறது. அதற்குத் தேவையே இல்லை. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே பெண் டாக்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரிசப்ஷனில் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் இல்லை, பெரும்பாலும் போனிலேயே ஆள் வந்துவிடும். டாக்டர் ஆணாக இருந்தால் பரிசோதனையின்போது துணைக்கு ஒரு நர்ஸை நிற்கச் சொல்லும் உரிமையும் உண்டு. முப்பது வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாத மார்பகக் கட்டி இருந்தால் அவசரமாகக் கிளினிக்குக்கு அனுப்பவேண்டும் என்பது மருத்துவ நெறிமுறைகளை வெளியிடும் நைஸ் அமைப்பு ஜி.பி.களுக்கு வகுத்த விதி. 1999 முதல் இரண்டு வாரத்துக்குள் மருத்துவர் பார்க்கவேண்டும் என்ற கெடு இருந்தது. 2023 அக்டோபரில் அதற்குப் பதிலாக 28 நாளில் புற்று உண்டா இல்லையா என்று நோயாளிக்குச் சொல்லிவிடவேண்டும் என்ற கெடு வந்தது. அவசரப் பரிந்துரை என்ற தலைப்போடு கடிதம் வந்தால் அது நோய் உறுதியானதன் அறிவிப்பு அல்ல.

கிளினிக்கில் நடப்பது மூன்று சோதனைகள், பெரும்பாலும் ஒரே நாளில். முதலில் கையால் பார்ப்பது: இடுப்பில் கை ஊன்றி, பிறகு கையைத் தூக்கி, பிறகு தலைக்குப் பின்னால் கை வைத்துப் படுத்து. அடுத்தது படம். நாற்பதுக்குக் கீழ் சுரப்பித் திசு அடர்ந்து மாமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை என்பதால் ஒன்றில் ஒன்று மறைந்துவிடும். ஆகவே அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் முதலில். நாற்பதுக்கு மேல் மாமோகிராம், தேவையான இடத்தில் அல்ட்ராசவுண்டும். மாமோகிராமில் இரண்டு தட்டுகளுக்கிடையே மார்பகம் சில விநாடிகள் அழுத்தப்படும். பீரியடுக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். மூன்றாவது பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்பிரிங் வைத்த ஊசியால் ‘டக்’ என்ற சத்தத்தோடு நூல் கனத்தில் திசுவை எடுப்பார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதற்காகப் பயாப்சியை மறுப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். ஒவ்வொரு சோதனைக்கும் 1 முதல் 5 வரை எண் தருகிறார்கள்: 1 இயல்பு, 2 சாதாரணக் கட்டி, 5 புற்று. மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் முடிவு. கை சந்தேகப்பட்டு, படம் சரி என்றால் கையின் பேச்சே எடுபடும், பயாப்சி செய்யப்படும். இருபத்தைந்து வயதுக்குக் கீழ், அல்ட்ராசவுண்டில் அச்சு அசலான ஃபைப்ரோஅடினோமா என்று தெரிந்தால் ஊசிகூட வேண்டியதில்லை. அதை எடுக்காமலேயே விட்டுவிடலாம். அது பெரிதாகிக்கொண்டே போனால் திரும்ப வரவேண்டும்.

குடும்பத்தில் அம்மா, அக்கா, சித்தி என்று பலருக்கு, அதிலும் இளவயதில், மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் அதை ஜி.பி.யிடம் முதலிலேயே சொல்லவேண்டும். பிழைபட்டால் இந்தப் புற்றுகளின் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுவை அடையாளம் கண்டது தென் லண்டனின் சட்டனில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டன் தலைமையில் இயங்கிய குழு; 1995இல் அந்த முடிவு வெளிவந்தது. இத்தகைய மரபணுப் பிழையைச் சுமப்பவர்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. உள்ளிட்ட தனிக் கண்காணிப்பு உண்டு. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான ஸ்கிரீனிங் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் 1988இல் தொடங்கியது. 50 வயது முதல் 71ஆம் பிறந்தநாள் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும்; முதல் கடிதம் 53 வயதுக்குள் வந்துவிடவேண்டும். ஜி.பி.யிடம் பதிவுசெய்த முகவரிக்குத்தான் அது போகும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் லண்டனில் இது சின்ன விஷயம் இல்லை. பங்கேற்பு இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளைவிட லண்டனில் குறைவு, தெற்காசியப் பெண்களிடம் அதைவிடக் குறைவு. ஸ்கிரீனிங்குக்குப் போகும் 100 பேரில் 4 பேரை மறுபடி அழைப்பார்கள்; அந்த நால்வரில் ஒருவருக்கே புற்று இருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் கணக்கிட்டபடி, 10,000 பெண்களை 50 வயதிலிருந்து இருபது ஆண்டு அழைத்தால் 43 மார்பகப் புற்று மரணங்கள் தடுக்கப்படுகின்றன. கூடவே 129 பேருக்கு, வாழ்நாளில் தொல்லை தந்திராத புற்றும் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை நடக்கிறது. போவதா வேண்டாமா என்பதை இந்த இரண்டு எண்களையும் பார்த்துப் பெண்ணே முடிவு செய்யலாம் என்பதால்தான் கடிதத்தோடு ஒரு விளக்கக் கையேடும் வருகிறது. 71ஐத் தாண்டியவர்களுக்குக் கடிதம் வராது. வேண்டுமானால் அருகிலுள்ள ஸ்கிரீனிங் மையத்துக்குத் தாங்களே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த மாமோகிராம் சுத்தமாக இருந்தாலும் இன்று ஒரு புதுக் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த கடிதத்துக்குக் காத்திராமல் ஜி.பி.யிடம் போகவேண்டும். இரண்டு ஸ்கிரீனிங்குக்கு இடையில் தலைகாட்டும் புற்றுகளில் வேகமாக வளரும் வகைகள் அதிகம்.